4,000 கோடி சூரிய நிறை காட்டிய செம்புள்ளி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட சென்னையில் உள்ள ஒரு கல்லூரியின் முதுகலை இயற்பியல் துறையில் 2023–24 கல்வியாண்டில் நடந்த ப்ராஜெக்ட் இது. ஒரு மாணவி, ஒரு மாணவர், வழிகாட்டியான உதவிப் பேராசிரியர் ஆகியோர் வேலை செய்தார்கள். வெளியிலிருந்து ஒரு மதிப்பாய்வாளர் உதவினார். பெயர்கள் தேவையில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்தான் இங்கே பதிவாகின்றன.

தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களை வைத்து 2023 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 50 முதல் 75 கோடி ஆண்டுகளுக்குள் இருந்ததாகத் தோன்றிய ஆறு கேலக்ஸிகளுக்கு, விண்மீன்களின் நிறை மட்டுமே 1,000 கோடி சூரியன்களுக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. அவற்றில் ஒன்று 10,000 கோடியை நெருங்கியது. நம் பால்வீதியின் விண்மீன்களை எல்லாம் கூட்டினால் 5,000–6,000 கோடி தேறும் என்பதை நினைத்துப் பார்த்தால், செய்தித்தாள்கள் ஏன் அமளிப்பட்டன என்பது புரியும்.

அதே ஆண்டில் இரண்டு திருத்தங்களும் வந்தன. மேற்படி பட்டியலில் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி நீண்டு சிவக்கும் அளவு; எண் கூடினால் தொலைவும் கூடும்) 8-க்கு அருகில் வைக்கப்பட்டிருந்த ஒரு பொருள், நிறமாலை எடுத்ததும் 5.62-க்கு இறங்கியது, அதன் நடுவில் இரை விழுங்கும் கருந்துளை இருப்பதும் தெரிந்தது. வேறொரு குழு 16.4 என்று மதிப்பிட்டிருந்த பொருள் 4.9-இல் போய் நின்றது. இரண்டும் வெப் நடத்திய சீர்ஸ் (CEERS) என்ற கணக்கெடுப்பின் வானப்பகுதியிலேயே இருந்தவை. அதனால் மாணவர்களும் அதே பகுதியை எடுத்துக்கொண்டார்கள். யாருடைய அனுமதியும் வேண்டாம், படங்கள் பொதுவில் கிடைக்கின்றன, விடை தெரிந்த பொருள்களும் அதிலேயே இருக்கின்றன. இந்தக் கடைசி வசதியை அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்தவில்லை. பின்னால் வந்த சிக்கலில் பாதி அதனால் வந்தது.

தரவும் கருவியும்

சீர்ஸ் பகுதியை வெப்பின் அகச்சிவப்புக் கேமரா பத்துத் துண்டுகளாக, 2022 ஜூனிலும் டிசம்பரிலும் படமெடுத்தது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர ஆர்க்மினிட், அதாவது முழுநிலாவில் ஏழில் ஒரு பங்கு. 115, 150, 200, 277, 356, 410, 444 என ஏழு ஃபில்டர்கள். எண்ணை நூறால் வகுத்தால் மைக்ரான் கணக்கில் நடு அலைநீளம் வரும். ஹப்பிளின் 606, 814 படங்களும் உடன் உண்டு (இந்த இரண்டு எண்களும் நானோமீட்டர் கணக்கு). எல்லாவற்றையும் சீர்செய்து, ஒரே கட்டத்தில் பொருத்தி, கோபன்ஹேகனின் டான் ஆவணக்காப்பகம் இலவசமாகத் தருகிறது. படத்தின் ஒரு அலகு 10 நானோஜான்ஸ்கி (வந்து சேரும் ஒளியை அளக்கும் அலகு). பிரகாச அளவின் (மேக்னிட்யூட்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) பூச்சியப் புள்ளி 28.9.

துறையில் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே டெஸ்க்டாப். முழுப் படத்தைத் திறந்தாலே கணினி உறைந்துபோகும். அதனால் படங்களைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, ஓரங்களில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டில் ஓரத்துப் பொருள் இரண்டு முறை எண்ணப்படும். 0.2 ஆர்க்செகண்டுக்குள் இரண்டு பதிவு இருந்தால் ஒன்றை நீக்கும் வரியை நிரலில் முதலிலேயே எழுதிவைத்தது நல்ல முடிவு.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து ஆய்வகத்துக்குள்ளும் தண்ணீர் ஏறி ஒரு ஹார்ட் டிஸ்க் போனது. ஜனவரியில் மூன்று ஃபில்டர்களின் படங்களை மட்டும் மறுபடி இறக்கினார்கள். இதற்குள் காப்பகத்தில் படங்களின் புதிய பதிப்பு ஏறியிருந்தது. எந்தப் படம் எந்தப் பதிப்பு என்று எங்கேயும் குறித்துவைக்காததால், நான்கு ஃபில்டர்கள் பழைய அளவுத்திருத்தத்திலும் மூன்று புதியதிலும் கலந்துபோயின. 2022-இல் வெப் கேமராவின் அளவுத்திருத்தம் மாறியபோது சில உணர்சில்லுகளில் ஒளியளவு பத்து விழுக்காட்டுக்கும் மேல் நகர்ந்த வரலாறு உண்டு. பின்னர் ஏழையும் ஒரே பதிப்பில் இறக்கி ஒப்பிட்டதில் இந்த முறை வேறுபாடு சில விழுக்காடுதான் என்று தெரிந்தது. தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

தேர்வு

தேடியது 'இரட்டை முறிவு' கொண்ட பொருள்களை. தொலைவில் உள்ள கேலக்ஸியின் 0.1216 மைக்ரானுக்குக் கீழான ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். இது முதல் முறிவு. வயதான விண்மீன்கள் இருந்தால் 0.365 மைக்ரானை ஒட்டி இன்னொரு படி ஏறும். இது பாமர் முறிவு. செம்பெயர்ச்சி 8 என்றால் முதலாவது 1.09 மைக்ரானுக்கும் இரண்டாவது 3.3 மைக்ரானுக்கும் வந்து சேரும். இதை ஒட்டியே வெட்டுகள் அமைந்தன. 150-க்கும் 277-க்கும் இடையே பிரகாச அளவின் வேறுபாடு 0.7-க்குக் குறைவு, 277-க்கும் 444-க்கும் இடையே 1.0-க்கு மேல், 444-இல் பிரகாசம் 27-ஐவிட அதிகம் (அதாவது எண் 27-க்குக் கீழே), 606-இலும் 814-இலும் ஒன்றும் தெரியக்கூடாது.

0.32 ஆர்க்செகண்ட் விட்ட வட்டத்துக்குள் ஒளியை அளந்தார்கள். முதல் ஓட்டத்தில் படங்களின் கூர்மையைச் சமப்படுத்தவில்லை. ஒரு விண்மீனின் பிம்பம் 150-இல் 0.05 ஆர்க்செகண்ட் அகலமும் 444-இல் ஏறத்தாழ மூன்று மடங்கும் இருக்கும். ஒரே வட்டத்தை வைத்தால் 444-இல் அதிக ஒளி வெளியே கசிந்துவிடும். இந்தப் பிழை பொருளை உள்ளதைவிட நீலமாகக் காட்டும், அதாவது தேடிய பொருளையே மறைக்கும். எல்லாப் படங்களையும் 444-இன் கூர்மைக்குக் கொண்டுவந்த பிறகு பட்டியல் நீண்டது.

பிறகு கண்ணால் பார்த்துக் கழித்தார்கள். பிரகாசமான விண்மீனின் கூர்முனைக் கதிர்மேல் விழுந்தவை, காஸ்மிக் கதிர் விட்டுச்சென்ற வட்டக் கறைகள், படத்தின் ஓரத்து இரைச்சல் எல்லாம் போயின. 115–200 நிறம் (இரண்டு ஃபில்டர்களின் பிரகாச அளவு வேறுபாடு) −0.5-க்கும் கீழே போன ஒன்றிரண்டும் நீக்கப்பட்டன. அவை நம் கேலக்ஸியிலேயே உள்ள பழுப்புக் குறுமீன்களாக (முழு விண்மீனாக வளராத மங்கலான பொருள்களாக) இருக்க வாய்ப்பு அதிகம். மீதியில் எல்லாரையும் இழுத்தது ஒரு பொருள். இனி அதை 'செம்புள்ளி' என்போம்.

கண்டது

செம்புள்ளியின் அளவுகள் நானோஜான்ஸ்கியில்: 814-இல் 6±5, 115-இல் 16±3, 150-இல் 21, 277-இல் 33, 356-இல் 95, 410-இல் 103, 444-இல் 158. நீலப் பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாக வந்து, 277-க்குப் பின் செங்குத்தாக ஏறுகிறது.

செம்பெயர்ச்சியைக் கணிக்கும் ஈஸி நிரல் 8.1 என்றது. அந்தச் செம்பெயர்ச்சியை நிலையாக வைத்து பேக்பைப்ஸ் நிரலில் நிறையைக் கேட்டபோது, விண்மீன் பிறப்பு வரலாற்றை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 2,000 கோடி முதல் 5,000 கோடி வரை வந்தது. அதிகம் பொருந்திய விடை 4,000 கோடி. பிரபஞ்சத்துக்கு அப்போது வயது 64 கோடி ஆண்டுகூட ஆகவில்லை.

மாநில அளவிலான ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'அண்டவியல் மாதிரிக்குச் சவால்' என்ற சொற்களோடு தலைப்பு தயாரானது.

முதல் முடிவு: நிறுத்திவைத்தல்

மாணவிக்கு ஒரு இடம் உறுத்தியது. "மேம், 410-ல 103 இருக்குது, 444-ல மட்டும் 158-க்கு எகிறுது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஃபில்டர்தானே, கோடு எதுனா உள்ள பூந்திருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார். இந்த நிகழ்வில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகப் பயனுள்ளது இதுதான்.

444 ஃபில்டர் 3.9 முதல் 5 மைக்ரான் வரை அகலமானது. 410 அதன் நீலப் பக்கத்தில் 3.87–4.3 என்று குறுகலாக உட்கார்ந்திருக்கிறது. 4.3-க்கு மேல் ஒரு வலுவான உமிழ்வுக் கோடு (வாயு ஒரே அலைநீளத்தில் வெளியிடும் ஒளி) விழுந்தால் 444 மட்டும் உயரும். செம்பெயர்ச்சி 8.1-இல் ஆக்சிஜன் கோடு (0.5008 மைக்ரான்) 4.56-இல் விழும், பொருந்துகிறது. ஆனால் 5.6-இல் ஹைட்ரஜன் ஆல்ஃபா (0.6565) 4.33-ஐத் தாண்டி, 410-இன் எல்லைக்குச் சற்று வெளியே விழும், அதுவும் பொருந்துகிறது. 356-இன் ஏற்றத்துக்கும் இரண்டு விளக்கம் உண்டு: 8.1 என்றால் பாமர் முறிவு, 5.6 என்றால் 3.3 மைக்ரானுக்கு வந்த ஆக்சிஜன் கோடு. நடுத்தர அகல ஃபில்டரைச் சேர்த்ததே இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கத்தான். இந்தக் குறிப்பிட்ட செம்பெயர்ச்சி இணையில் அது கைகொடுக்கவில்லை.

அப்படியானால் ஈஸி ஏன் 8.1 என்று ஒரே விடையைச் சொன்னது? வழிகாட்டியும் மதிப்பாய்வாளரும் உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். சமிக்ஞை இரைச்சலைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக உள்ள அளவுகளுக்கு எல்லாம் −99 என்று நிரல் எழுதியிருந்தது. 'தெரியவில்லை' என்பதைக் குறிக்கத்தான் மாணவர் அப்படி எழுதினார். ஈஸி −90-க்குக் கீழான எண்ணைப் 'படமே எடுக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். ஆக, 606-உம் 814-உம் கணக்கிலேயே சேரவில்லை. அளந்த எண் எதிர்க்குறியில் இருந்தாலும் பூச்சியமாக இருந்தாலும் பிழையோடு அப்படியே கொடுக்க வேண்டும்.

திருத்தியதும் விடை தெளியும் என்று எதிர்பார்த்தார்கள். தெளியவில்லை. 814-இல் ஹப்பிளின் ஆழம் செம்புள்ளியின் மங்கலான நீலப் பக்கத்துக்குப் போதாது. 5.6 என்றால் அங்கே 10 நானோஜான்ஸ்கி அளவுக்கு எதிர்பார்க்கலாம், 8.1 என்றால் பூச்சியம், அளந்தது 6±5. 115-இலும் அதே கதை: 8.1 என்றால் சுமார் 13, 5.6 என்றால் 20-ஐ ஒட்டி. அளந்தது 16±3, சரியாக நடுவில். நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி நிறமாலைகளான இயல்பான வார்ப்புகளில், வலுவான கோடும் சிவந்த தொடர்ஒளியும் (கோடுகள் அல்லாத பரவலான ஒளியும்) சேர்ந்த வகை இல்லாததும் 8.1-க்குச் சாதகமாக இருந்தது. அப்படிப்பட்ட வார்ப்புகளைச் சேர்த்தபோது நிகழ்தகவு வளைவில் இரண்டு முகடுகள் எழுந்தன, ஏறத்தாழ சம உயரத்தில்.

சுருக்கத்தை அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். கருத்தரங்கில் இடம் போய்விடும் என்று வழிகாட்டிக்கு மனத்தாங்கல் இருந்தது, நியாயமான மனத்தாங்கல்தான்.

ஏன் நிறுத்துவது சரி

மதிப்பாய்வாளர் முன்வைத்த வாதத்தை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இது செம்புள்ளிக்கு மட்டும் உரியதல்ல.

நிறையை யாரும் அளப்பதில்லை. ஏழெட்டு ஒளியளவுகளிலிருந்து செம்பெயர்ச்சி, அதிலிருந்து ஒளிர்திறன், அந்த ஒளி முழுக்க விண்மீன்களுடையது என்ற அனுமானம், அந்த விண்மீன்களின் வயது, தூசு, சிறியவை எத்தனை பெரியவை எத்தனை என்ற விகிதம். இத்தனையும் கடந்த பிறகுதான் கடைசியில் நிறை. விண்மீன் விகிதத்துக்கு சால்பீட்டர் கணக்கை எடுத்தால் வரும் நிறை, சாப்ரியர் கணக்கில் வருவதைப்போல் 1.6–1.7 மடங்கு இருக்கும். மாணவர்கள் குரோப்பா என்ற மூன்றாவது கணக்கில் வந்த தங்கள் எண்ணை சால்பீட்டர் கணக்கு அட்டவணையோடு நேரடியாக ஒப்பிட்டிருந்தார்கள் என்பதும் இந்த நேரத்தில்தான் வெளிப்பட்டது.

ஒவ்வொரு படியிலும் பிழை இருபக்கமும் சமமாக விழும் என்றே வைத்துக்கொள்வோம். பல்லாயிரம் பொருள்களில் 'மிகக் கனமானவை எவை' என்று பொறுக்கும்போது அந்தச் சமநிலை போய்விடுகிறது. எடை குறைந்த கேலக்ஸிகள் மிக அதிகம். கனமானவை மிக அரிது. ஏராளமாக உள்ளவற்றில் ஒரு சிறு விழுக்காடு பிழையால் மேலே தூக்கி எறியப்பட்டாலே, உண்மையான அரிய பொருள்களைவிட எண்ணிக்கையில் மிஞ்சிவிடும். கனத்தைத் தேடுபவரின் வலையில் பிழைகள் தாமாகவே வந்து விழும். எடிங்டன் சாய்வு என்று வானியலில் நூறாண்டாகத் தெரிந்த விஷயம் இது.

இன்னொரு கணக்கு பின்பக்கமிருந்து வருகிறது. பிரபஞ்சத்துப் பருப்பொருளில் சாதாரண அணுக்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு. 4,000 கோடி சூரிய நிறை விண்மீன்களாக மாற, கிடைத்த வாயு ஒரு துளி விடாமல் விண்மீனாகியிருந்தாலும் அதைச் சூழ்ந்த கரும்பொருள் ஒளிவட்டம் (கேலக்ஸியைத் தாங்கும், கண்ணுக்குத் தெரியாத பருப்பொருள் திரள்) 25,000 கோடிக்குக் குறையாமல் வேண்டும். வாயுவில் 10–20 விழுக்காடுதான் விண்மீனாகும் என்ற வழக்கமான கணக்கில் அது ஒன்றேகால் முதல் இரண்டரை லட்சம் கோடி. சீர்ஸ் பகுதியில் செம்பெயர்ச்சி 7.5-க்கும் 8.5-க்கும் இடையே அடங்கும் கன அளவு சுமார் 2 லட்சம் கன மெகாபார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு; மெகாபார்செக் அதில் பத்து லட்சம்). அதற்குள் அந்தக் காலத்தில் அப்படி ஓர் ஒளிவட்டம் ஒன்றுகூடக் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாதிரி தவறாக இருக்கலாம். ஆனால் இரட்டை முகடு கொண்ட ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

இரண்டாம் முடிவு: வடிவமும் நிறமாலையும்

அடுத்து வடிவத்தைப் பார்த்தார்கள். 444 படத்தில் 0.4, 0.2 ஆர்க்செகண்ட் விட்ட வட்டங்களின் ஒளி விகிதம் 1.7-க்குக் கீழே இருந்தால் பொருள் புள்ளிபோலக் கச்சிதமானது என்பது 'சிறு செம்புள்ளி' (வெப் படங்களில் தெரியும் கச்சிதமான சிவந்த பொருள் வகை) ஆய்வுகளில் பயன்படும் அளவுகோல். இங்கே 1.5 வந்தது, பக்கத்து விண்மீனுக்கும் அதே அளவு. நீலத்தில் தட்டை, சிவப்பில் செங்குத்து, பிம்பம் புள்ளி: கருந்துளை சந்தேகத்துக்கு இது போதும். பால்வீதிக்கு இணையான விண்மீன்கள் முழுதும் 700 பார்செக்குக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதும் கேள்வியை எழுப்பியது.

டான் காப்பகம் வெப்பின் நிறமாலைகளையும் சீராக்கித் தருகிறது. நவம்பரில் இறக்கிய பட்டியலோடு ஒப்பிட்டு 'பொருத்தமில்லை' என்று விட்டிருந்தார்கள். பட்டியல் அடிக்கடி நீளும். ஏப்ரலில் புதிய பட்டியலை எடுத்து 0.3 ஆர்க்செகண்ட் ஆரத்தில் பொருத்தியபோது செம்புள்ளிக்கு முப்பட்டக நிறமாலை (குறைந்த பிரிதிறன் கொண்டது) ஒன்று இருந்தது; தரக்குறி 3, அதாவது செம்பெயர்ச்சி உறுதி.

பட்டியல் எண்ணைப் பார்ப்பதற்கு முன் நிறமாலையைத் தாங்களே படிக்கும்படி மதிப்பாய்வாளர் சொன்னார். 3.31-இலும் 4.34-இலும் இரண்டு கோடுகள். விகிதம் 1.311. ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கும் ஆக்சிஜன் கோட்டுக்கும் உள்ள விகிதமும் 1.311. ஒரே ஒரு கோடு கிடைத்திருந்தால் இந்தச் சோதனை நடக்காது. இரண்டு இருந்ததால் ஐயமில்லை. செம்பெயர்ச்சி 5.61. 4.56-இல் எதுவும் இல்லை.

பின்விளைவு

நிறை மறுபடி கணக்கிடப்பட்டது. ஒளி முழுதும் விண்மீன்களுடையது என்றால் சுமார் 900 கோடி. சிவப்புப் பக்கம் கருந்துளையைச் சுற்றிய வாயுவினது, நீலப் பக்கம் மட்டுமே விண்மீன்கள் என்றால் சில பத்துக் கோடிதான். இரண்டுக்கும் இடையே எது என்பதை இந்தத் தரவு சொல்லாது. ஹைட்ரஜன் கோடு கருவியின் பிரிதிறனைவிடச் சற்று அகன்று தெரிந்தாலும், வேகமாகச் சுழலும் வாயு என்று உறுதிசெய்ய முப்பட்டகம் போதாது. பிரிதிறன் 1,000 கொண்ட கீற்றணி வேண்டும். 7.7 மைக்ரான் படம் இருந்திருந்தால் உதவியிருக்கும். சீர்ஸில் நடு அகச்சிவப்புப் படம் உள்ள கேலக்ஸிகளுக்கு அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது செம்பெயர்ச்சி 6–9-இல் நிறை சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கியது என்பது பதிவான முடிவு. செம்புள்ளி அந்தப் படங்களின் எல்லைக்கு வெளியே விழுந்திருந்தது.

இதனால் ஆதிகாலத்தில் கனத்த கேலக்ஸிகளே இல்லை என்று ஆகாது. செம்பெயர்ச்சி 5–6-இல் 10,000 கோடி அளவுக்கு நிறை கொண்ட, தூசு நிறைந்த மூன்று கேலக்ஸிகள் நிறமாலையோடு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தன. அவை வாயுவில் பாதியை விண்மீனாக்கியிருக்க வேண்டும். 7.29-இல், 1,000 கோடிக்கு மேல் நிறையோடு, விண்மீன் பிறப்பையே நிறுத்திவிட்ட ஒன்றும் உறுதியாகியிருக்கிறது. இரண்டு முடிவுகளும் நிறமாலை கையில் இருந்த பிறகு சொல்லப்பட்டவை.

ப்ராஜெக்ட் அறிக்கை வேறு தலைப்பில் சமர்ப்பிக்கப்பட்டது: ஃபில்டர் அளவுகளால் 5.6-ஐயும் 8.1-ஐயும் எப்போது பிரிக்க முடியாது என்பது பற்றி. வாய்மொழித் தேர்வில் 'அப்போ கண்டுபிடிப்பு என்ன?' என்று கேட்கப்பட்டதாம்.

இனி மாற்ற வேண்டியவை

விடை தெரிந்த பொருள்களை முதலில் ஓட்ட வேண்டும். 5.62-க்கு இறங்கிய பொருளும் 4.9-க்கு இறங்கிய பொருளும் இதே படங்களில் இருக்கின்றன. தங்கள் நிரல் அவற்றுக்கு என்ன சொல்கிறது என்று முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால், −99 குளறுபடியும் வார்ப்புக் குறையும் அன்றே வெளிவந்திருக்கும். புதிய தொகுதி மாணவர்களுக்கு இது முதல் பயிற்சியாக வைக்கப்பட்டிருக்கிறது.

இறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், பதிப்பு, இறக்கிய நாள், அளவு ஆகியவை ஓர் எளிய உரைக்கோப்பில் ஏற வேண்டும். அந்தக் கோப்பு ஆய்வகத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்க வேண்டும். தரைத்தளத்தில் ஹார்ட் டிஸ்க் வைப்பதில்லை என்று துறை முடிவெடுத்துவிட்டது.

நிறமாலைப் பட்டியலை ப்ராஜெக்ட் தொடக்கத்தில் ஒருமுறை, சுருக்கம் எழுதும் முன் ஒருமுறை, சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை புதிதாக எடுத்துப் பொருத்த வேண்டும். நிகழ்தகவு வளைவில் இரண்டாம் முகடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், இரண்டு செம்பெயர்ச்சிகளுக்கும் தனித்தனியாக நிறை கணக்கிட்டு இரண்டையும் அட்டவணையில் போட வேண்டும். விண்மீன் விகிதக் கணக்கு எது என்பதும் அதே வரிசையில் வர வேண்டும்.

பட்டியலில் மீதமிருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை இன்னும் இல்லை. அவற்றின் நிறைகள் அறிக்கையில் 'உச்ச வரம்பு' என்ற தலைப்பின் கீழ் மட்டும் தரப்பட்டுள்ளன.